முன்னச்சின் மூட்டும் சாரதியின் கையும்

கொழும்பிலிருந்து கண்டி நோக்கிச் செல்லும் புகையிரதப் பாதை, ரம்புக்கனை வரையில் வயலும் தென்னந்தோப்பும் சூழ்ந்த தாழ்நிலத்தின் வழியே பெரும் வருத்தமின்றிச் செல்கின்றது. ரம்புக்கனையைத் தாண்டியதும் அதன் இயல்பு மாறிவிடுகின்றது. அங்கிருந்து கடுகண்ணாவை வரை ஏறத்தாழ 12 மைல் தூரத்துக்கு, 45 அடிக்கு ஓர் அடி என்னும் அளவிலே ஏற்றம் தொடர்கின்றது. 1867ஆம் ஆண்டில் கண்டி வரைக்கும் பாதை திறக்கப்பட்டது. அதன் பின்னர், நீராவியின் ஆட்சி நிலவிய காலமெல்லாம், பாரமேற்றிய வண்டித்தொடருக்கு ரம்புக்கனையில் துணையியந்திரம் ஒன்று பூட்டப்பட்டது. ஓர் இயந்திரத்தால் இயலாத ஏற்றத்தை இரண்டு இயந்திரங்கள் சேர்ந்து வென்றன.

இவ்வேற்பாடு எளிதாக அமைந்தமைக்குக் காரணம் தண்டவாளமே. எத்திசையிற் செல்வது என்பதைத் தண்டவாளம் தீர்மானித்துவிடுவதால், இயந்திரத்துக்கு வலுவைத் தருவதன்றி வேறு கடமை இல்லை. அதே ரம்புக்கனையைச் சூழ்ந்த குன்றுகளிலுள்ள இறப்பர்த் தோட்டங்களுக்குச் செம்மண் பாதையில் ஏறும் வண்டியின் நிலையோ வேறு. அதற்குத் துணையியந்திரம் கிடையாது. பின்சில்லுகள் இரண்டும் சேற்றிலே சுழன்று நிற்குமிடத்து, முன்சில்லுகளையும் இழுக்கச் செய்வதே அதற்குள்ள ஒரே வழி. ஆனால் முன்சில்லுகளுக்கு ஏற்கெனவே ஒரு தொழில் உண்டு. அவை திரும்பவேண்டும். ஒரே சில்லு இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும் என்னும் இந்த இரட்டைக் கட்டளையே, நாற்சில்லு வலுவூட்டிய வண்டிகளின் வரலாற்றை நடத்திச் சென்ற வினாவாகும்.

இவ்வண்டிகளைப் பற்றி எழுதுவோர் இயந்திரத்தின் குதிரைவலுவையும் சட்டகத்தின் உறுதியையும் போற்றுவர். முன்னச்சின் இரு முனைகளிலும் எண்ணெயில் ஊறிக் கிடக்கும் மூட்டைப் பற்றிப் பேசுவோர் சிலரே. பேசுவோரும், பழைய மூட்டு குறையுடையது, புதிய மூட்டு நிறைவுடையது, ஆகவே புதியது பழையதை வென்றது என்று கதையை நேர்கோடாக வரைந்துவிடுகின்றனர். உண்மை வரலாறு அவ்வாறு செல்லவில்லை. 1948இல் நிறைவான மூட்டுடன் பிறந்த லாண்ட்ரோவர் வண்டி, சில ஆண்டுகளுள் அதனைக் கைவிட்டு, 17ஆம் நூற்றாண்டின் மூட்டுக்குத் திரும்பிற்று. கால் நூற்றாண்டுக்கு மேற் சென்ற பின்னரே நிறைவான மூட்டை மீண்டும் ஏற்றுக்கொண்டது. அறிந்தே பின்வாங்கிய இச்செயலின் காரணத்தை ஆராயுமிடத்து, அது பட்டறையில் அன்றி, பாதையிலும் சாரதியின் கையிலும் இருக்கக் காணலாம்.

மாட்டுவண்டிக்குச் சுக்கான் வேண்டியதில்லை. இரு சில்லுகளும் ஓர் அச்சும் கொண்ட அவ்வண்டியை மாடுகளே திருப்பிவிடுகின்றன. நான்கு சில்லுடைய குதிரைவண்டியில் முன்னச்சு முழுவதும் நடு ஆணியொன்றில் திரும்பிற்று. இதனால் வளைவுகளில் வண்டி கவிழும் அபாயம் மிகுந்தது. 1817ஆம் ஆண்டளவில் மியூனிக் நகரத்து வண்டித் தச்சரான லாங்கென்ஸ்பேர்கர், அச்சு அசையாதிருக்க அதன் முனைகளிலே சில்லுகள் மட்டும் தனித்தனியே திரும்பும் அமைப்பை வகுத்தார். அடுத்த ஆண்டில் அக்கெர்மன் என்பார் இலண்டனில் அதற்கு உரிமைப்பத்திரம் பெற்றார். மோட்டார் வண்டி தோன்றியபோது இவ்வமைப்பே அதற்கும் வாய்த்தது. அச்சின் முனையில் ஏறத்தாழ நிலைக்குத்தாக நிற்கும் ஆணியை இன்று கராஜ்களில் ‘கிங் பின்’ என்பர். அதனைச் சுற்றியே சில்லு திரும்புகின்றது. வலு பின்சில்லுகளுக்கு மட்டும் சென்ற காலத்தில் இவ்வாணி முழுமையான ஒரே இரும்புத் துண்டாக இருந்தது. அதனால் யாதொரு சிக்கலும் எழவில்லை.

முன்சில்லுக்கும் வலு ஊட்டவேண்டும் என்றவுடன் அச்சினுள்ளே சுழலும் தண்டு ஒன்று தேவையாயிற்று. சில்லு திரும்பும்போது அத்தண்டும் வளையவேண்டும். அதுவும் கிங் பின் நிற்கும் அதே கோட்டிலேதான் வளையவேண்டும். ஓர் அங்குலம் உள்ளேயோ வெளியேயோ வளைந்தால், சில்லு திரும்புந்தோறும் தண்டு இழுபடும் அல்லது நெருக்குண்ணும். ஆகவே ஒரே இடத்தை இரண்டு பொருள்கள் வேண்டி நின்றன. இதற்குக் கண்ட தீர்வு, கிங் பின்னை நடுவே அறுத்து மேலொரு குறுமுனையாகவும் கீழொரு குறுமுனையாகவும் ஆக்கி, இடையே உள்ளீடற்ற இரும்புருண்டை ஒன்றை வைத்து, அதன் வயிற்றினுள் மூட்டை அடக்குவதாகும். பழைய ஜீப் வண்டியின் முன்சில்லுக்குப் பின்னே குனிந்து நோக்குவோர் காணும் பளபளப்பான உருண்டை இதுவே.

அவ்வுருண்டையினுள் வைத்தற்கு அக்காலத்தில் எளிதிற் கிடைத்தது ஹூக்கின் மூட்டு. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் கார்டானோ எழுதிய வளையத் தொங்கல்களின் வழித்தோன்றலாகிய இதனை, 1670களில் ஆங்கில அறிஞர் றொபேட் ஹூக் ஆராய்ந்து வெளியிட்டார். சிலுவை வடிவத் துண்டொன்றை இரு கவைகள் பற்றிநிற்கும் இம்மூட்டை இலங்கையின் மோட்டார்த் தொழிலாளர் ‘யூனிவர்சல் ஜொயின்ட்’ என அழைப்பர். எளியது, உறுதியானது, மலிவானது. ஆயினும் அதற்கொரு பிறவிக்குறை உண்டு. தண்டு வளைந்து நிற்கும்போது, ஒருபுறம் சீராகச் சுழன்றாலும் மறுபுறம் சீராகச் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இரு தடவை முந்தியும் இரு தடவை பிந்தியும் சுழலும். 10 பாகைக் கோணத்தில் இவ்வேற்றத்தாழ்வு நூற்றுக்கு ஒன்றரை வீதமே. கை அதனை அறியாது. கோணம் 30 பாகையானால் வேகம் நூற்றுக்கு 15 வீதம் கூடியும் 13 வீதம் குறைந்தும் மாறுகின்றது. வளைந்த மூட்டின் வழியே முறுக்கம் செல்லும்போது தோன்றும் பக்கவிசையும் இதனுடன் சேர்ந்து, சில்லை அதன் ஆணியைச் சுற்றி ஆட்டுகின்றது. அவ்வாட்டம் சுக்கான் தண்டின் வழியே ஏறிச் சாரதியின் உள்ளங்கையில் ஒரு துடிப்பாக வந்து சேர்கின்றது. நேர்வழியிற் காணாத குறை கூர்வளைவில் வெளிப்படுகின்றது என்பதைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் இதுவே திறவுகோல்.

முதல் முயற்சிகளை விரைவாகக் கடந்து செல்லலாம். 1903இல் ஒல்லாந்தின் ஸ்பைக்கர் நிறுவனம் நான்கு சில்லுகளுக்கும் வலு செல்லும் ஓட்டப்பந்தய வண்டியொன்றை அமைத்தது. 1907இல் ஜேர்மனியின் டைம்லர் நிறுவனம், தென்மேற்கு ஆபிரிக்காவின் மணற்காட்டுக்கென நான்கு சில்லும் இழுத்து நான்கு சில்லும் திரும்பும் வண்டியைச் சமைத்தது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்துக் கிளின்டன்வில் என்னும் சிற்றூரிலே, இயந்திரப் பட்டறை நடத்திய சக்காவ், பெஸ்ஸர்டிக் என்னும் இருவர், மூட்டை உருண்டைக் கூட்டினுள் அடைத்துத் திருப்பும் அமைப்புக்கு 1908இல் உரிமைப்பத்திரம் பெற்றனர். அதிலிருந்து எழுந்த நிறுவனத்தின் லொறிகளும், 1913இல் அதே மாநிலத்தின் கெனோசா நகரிலிருந்து வெளிவந்த ஜெபரி குவாட் லொறிகளும் முதலாம் உலகப்போரில் ஆயிரக்கணக்கிற் பயன்பட்டன. குவாட் லொறியின் நான்கு சில்லுகளும் திரும்பின. இதனால் பின்சில்லுகள் முன்சில்லுகளின் தடத்திலேயே சென்றன. இச்சிறு நயத்தின் பெருமை பின்னரே விளங்கும்.

இரு போர்களுக்கும் இடைப்பட்ட காலமே மூட்டின் பொற்காலம். சீராகச் சுழலும் மூட்டை நாடி மூன்று வழிகள் பிறந்தன. அமெரிக்கரான கார்ல் வைஸ் 1920களில் வகுத்த அமைப்பிலே, இரு கவைகளின் வளைந்த பள்ளங்களுக்கு இடையே நான்கு எஃகுக் குண்டுகள் நின்று வலுவைக் கடத்தின. நடுவே ஐந்தாவது குண்டொன்று அவற்றை நிலைநிறுத்திற்று. பெண்டிக்ஸ் நிறுவனம் இதனைச் செய்து விற்றமையால் பெண்டிக்ஸ்-வைஸ் மூட்டு எனப் பெயர்பெற்றது. போர்ட் நிறுவனத்துப் பொறியியலாளரான அல்பிரட் ரெஸெப்பா 1920களின் பிற்பாதியில் ஆறு குண்டுகளை ஒரு கூண்டினுள் நிறுத்தினார். தண்டு எக்கோணத்தில் வளைந்தாலும் அக்கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்திலே குண்டுகள் நிற்கும்வரை வேகம் மாறாது என்பதே அதன் கணிதம். பிரான்சிலே பியர் பெனாய், ஜான் அல்பேர்ட் கிரெகுவார் என்னும் நண்பர் இருவர் 1926இல் குண்டுகளே இல்லாத மூட்டொன்றைச் சமைத்தனர். ஒன்றினுள் ஒன்று வழுக்கும் இரு துண்டுகள் இரண்டு ஹூக் மூட்டுகளைப் போலத் தொழிற்பட்டு, ஒன்றன் குறையை மற்றையது ஈடுசெய்தது. ட்ராக்டா எனப் பெயர்பெற்ற அதனைப் பொருத்திய வண்டியை 1927இல் லெமான் பந்தயத்தில் கிரெகுவார் தாமே ஓட்டினார். தம் கண்டுபிடிப்பின் துடிப்பைத் தம் கையாலேயே அறிந்த பொறியியலாளர் என்னும் சிறப்பு அவருக்கு உண்டு. உராய்வினால் சூடேறுவது அம்மூட்டின் குறை. எனினும் சாதாரண கடைசற் பொறியிலே செய்யத்தக்கதாக இருந்தமையால் பல நாடுகளில் அதனை உரிமை பெற்றுச் செய்தனர்.

இரண்டாம் உலகப்போர் இம்மூன்றையும் ஒரே வண்டியிற் கொண்டுவந்து சேர்த்தது. 1941 முதல் 1945 வரை வில்லிஸ், போர்ட் ஆகிய இரு நிறுவனங்களும் 6 இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. அத்தொகைக்கு ஈடாக எந்த ஒரு தொழிற்சாலையாலும் மூட்டுகளைத் தரமுடியவில்லை. ஆகவே பெண்டிக்ஸ், ரெஸெப்பா, ட்ராக்டா, ஸ்பைசர் என எது கிடைத்ததோ அது பொருத்தப்பட்டது. அச்சைக் கழற்றிப் பார்த்தாலன்றித் தன் ஜீப்பில் எது உள்ளது என்பதை அறிய முடியாத நிலை பிற்காலத்து உரிமையாளருக்கு ஏற்பட்டது. கல்பாவிய பாதையிற் செல்லும்போது முன்னச்சின் வலுவை நெம்பினால் நிறுத்திவிடலாம் என்பதும் ஜீப்பின் சிறப்பு. பிரித்தானியர் 1941 முதல் ஐம்பதாயிரத்துக்கு மேல் செய்த பெட்போர்ட் கியூ.எல். மூன்று தொன் லொறியிலும் அவ்வேற்பாடே இருந்தது.

இப்போரின் சுவடு சபரகமுவையிலும் பதிந்தது. 1942இன் தொடக்கத்தில் மலாயாவும் யாவாவும் யப்பானியர் வசமாகியதும், நேசநாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரின் முதன்மையான ஊற்றாக இலங்கை மாறிற்று. கேகாலை மாவட்டத்து மரங்கள் நாளைய நலனைக் கருதாது வெட்டப்பட்டுப் பால் கறக்கப்பட்டன. 1944 ஏப்பிரலில் தென்கிழக்காசியப் படைத்தலைமையகம் மவுண்ட்பேட்டன் பிரபுவின் கீழ்ப் பேராதனைக்கு வந்தது. கொழும்பிலிருந்து கேகாலை, மாவனல்லை, கடுகண்ணாவை வழியாகக் கண்டிக்குச் செல்லும் நெடுஞ்சாலையிற் படை வண்டிகள் ஏறி இறங்கின. போர் முடிந்தபின் படைகள் விட்டுச்சென்ற ஜீப்புகள் தனியார் கைக்கு மாறித் தோட்டப் பாதைகளில் ஓடத் தொடங்கின. துரைமாரின் குதிரைகள் ஏறிய பாதையில் முதன்முறையாக முன்சில்லும் இழுக்கும் வண்டி ஏறிற்று.

வேல்ஸின் ஆங்கில்சித் தீவில் இருந்த தம் பண்ணையிலே பழைய படை ஜீப்பொன்றைப் பயன்படுத்திய மொரிஸ் வில்க்ஸ் என்னும் றோவர் நிறுவனப் பொறியியலாளர், அதற்கு மாற்றாக ஒன்றை உருவாக்க எண்ணியதன் விளைவே லாண்ட்ரோவர். 1948 ஏப்பிரல் 30ஆந் திகதி அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளியிடப்பட்டது. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 80 அங்குலம். முன்னச்சில் ட்ராக்டா மூட்டு. நான்கு சில்லுகளுக்கும் எப்பொழுதும் வலு. ஆனால் முன்னச்சுக்குச் செல்லும் வழியில் துவிச்சக்கர வண்டியின் பின்சில்லில் உள்ளது போன்ற ‘பிரீவீல்’ ஒன்று இடையே வைக்கப்பட்டிருந்தது. அது ஏன் வேண்டப்பட்டது என்பதை விளக்குதல் அவசியம்.

வண்டி வளைவில் திரும்பும்போது முன்சில்லுகள் வெளிவட்டத்திலும் பின்சில்லுகள் உள்வட்டத்திலும் செல்கின்றன. 80 அங்குல வண்டியொன்றின் முன்னச்சு நடுப்புள்ளி 18 அடி ஆரையுள்ள வட்டத்திற் செல்கின்றது எனக் கொண்டால், பின்னச்சின் நடுப்புள்ளி ஏறத்தாழ 16¾ அடி ஆரையுள்ள வட்டத்திற் செல்லும். கால்வட்டம் திரும்புவதற்குள் முன்னச்சு பின்னச்சைவிட இரண்டடி கூடுதலாக உருளவேண்டும். ஈரச் செம்மண்ணில் இவ்விரண்டடியைச் சில்லு வழுக்கித் தீர்த்துக்கொள்ளும். தார்ப்பாதை வழுக்க விடாது. அப்போது இரு அச்சுகளையும் இறுகப் பிணைத்த தண்டுகள் முறுக்கேறுகின்றன. ரயர்கள் கிறீச்சிட்டுத் தேய்கின்றன. சுக்கான் கல்லைப் போலக் கனக்கின்றது. நான்கு சில்லும் திருப்பிய குவாட் லொறி இத்தொல்லையிற் பெரும்பகுதியைத் தவிர்த்தது இதனாலேயே. லாண்ட்ரோவரின் பிரீவீல், முன்சில்லுகளை வேண்டியவிடத்து முந்திச் சுழலவிட்டு, அதே தொல்லையை வேறு வழியில் தீர்த்தது.

இத்தீர்வுக்கு ஒரு விலை இருந்தது. பிரீவீல் முன்சில்லுகளை முந்தவிடுமாதலின், இறக்கத்தில் இயந்திரத்தின் தடுக்கும் வலு முன்சில்லுகளுக்குச் செல்லாது. மலைப்பாதையில் ஏற்றத்தைவிட இறக்கமே அச்சத்துக்குரியது என்பதை மலையகத்தில் வாழ்வோர் அறிவர். பாரத்தின் பெரும்பகுதி இறக்கத்தில் முன்சில்லுகளின் மீதே சாய்கின்றது; அப்போது பிடிப்புள்ள சில்லுகள் அவையே. சாரதியின் காலடியில் இருந்த வளையமொன்றை இழுத்துப் பிரீவீலைப் பூட்ட வழி செய்யப்பட்டிருந்தது. ஆனால் அதனை இழுக்க நினைவு வேண்டும். இறக்கம் தொடங்குமுன் வேண்டும். சமநிலத்துப் பண்ணையை மனத்திற் கொண்டு வகுக்கப்பட்ட அமைப்பு மலைச்சரிவுக்குப் பொருந்தவில்லை எனக் கூறுவது பிழையாகாது.

1950இல் நிறுவனம் பிரீவீலை நீக்கிவிட்டது. அதன் பின்னர் வண்டி வழமையாகப் பின்சில்லுகளால் மட்டும் செல்லும். வேண்டும்போது நெம்பினால் முன்னச்சும் இறுகப் பிணைக்கப்படும். சில ஆண்டுகளுள், 1950களின் முற்பாதியில், ட்ராக்டா மூட்டும் நீங்கிற்று. அதனிடத்தில் ஹார்டி ஸ்பைசர் நிறுவனத்தின் சாதாரண ஹூக் மூட்டு வந்தமர்ந்தது. இவ்விரு மாற்றங்களையும் சேர்த்து நோக்கினாலன்றி இரண்டாவது விளங்காது. ஹூக் மூட்டின் குறை, கோணம் மிகுந்து, முறுக்கம் சென்று, நிலமும் இறுகப் பற்றும்போதுதான் கையை எட்டுகின்றது. தார்ப்பாதையிலே முன்னச்சுக்கு வலு செல்லாவிட்டால் முறுக்கம் இல்லை. வலு செல்லும் இடமாகிய சேற்றிலே நிலத்தின் பற்று இல்லை; நூற்றுக்கு 15 வீத ஏற்றத்தாழ்வைச் சேறு விழுங்கிவிடுகின்றது. ஆகவே நிறைவான மூட்டுக்கு உரிய வேலையே வண்டியிலிருந்து மறைந்துபோயிற்று. எஞ்சியவை உறுதி, மலிவு, எளிதில் மாற்றத்தக்க தன்மை ஆகியவை. இம்மூன்றிலும் ஹூக்கின் மூட்டே மேலானது. நிறுவனம் செலவைக் குறைக்க விரும்பியது என்று இதனைச் சுருக்கிக் கூறுவாரும் உளர். அது பாதி உண்மை. குறையுள்ள பொருள் குறை தெரியாத இடத்தில் வைக்கப்பட்டது என்பதே முழு உண்மை.

மூட்டு இவ்வாறாக, சுக்கானின் உணர்வை ஆண்டது மூட்டு மட்டுமன்று; அதனைச் சூழ்ந்த உருண்டையும் அதன் குறுமுனைகளும் ஆகும். இங்கு இன்றைய வாசகர் எதிர்பாராத செய்தி ஒன்று உண்டு. இவ்வண்டிகளின் சுக்கான் வேண்டுமென்றே சற்று இறுக்கமாக அமைக்கப்பட்டது. லாண்ட்ரோவரின் கீழ்க் குறுமுனை கூம்புருளைப் பெயரிங்கில் நின்றது. மேற்குறுமுனையோ முதலில் வில்லால் அழுத்தப்பட்ட கூம்பிலும், பின்னர் பிசினூட்டிய துணிப்பொருளாலான உறையிலும் உராய்ந்து திரும்பிற்று. ஜீப்பில் மேலும் கீழும் கூம்புருளைப் பெயரிங்குகள். இரண்டிலும் மென்தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் இறுக்கம் சரிசெய்யப்பட்டது. திருப்பும் கையின் முனையில் விற்றராசைக் கொளுவி இழுத்து, எத்தனை இறாத்தலில் சில்லு அசையத் தொடங்குகின்றது என அளப்பது பட்டறை முறை. சுக்கான் பெட்டிக்கும் சில்லுக்கும் இடையே, சட்டகத்தின் குறுக்குவிட்டத்தினுள், எண்ணெயில் ஊறிய மற்றொரு தொடர்முனையும் வலிய வில்லினால் இறுக்கப்பட்டிருந்தது. பல ஆண்டுகள் கழிந்தபின் அதனைக் கழற்ற முயன்ற கராஜ்காரர் பட்ட பாடு தனிக் கட்டுரைக்குரியது.

இவ்விறுக்கத்தின் நோக்கம் என்ன? முன்சில்லின் ஆணி உட்புறமாக 7 பாகையும் பின்புறமாக 3 பாகையும் சாய்ந்து நிற்பதால், சில்லு தானாகவே நேர்நிலைக்குத் திரும்ப முனைகின்றது. அம்முனைப்பு உராய்வினால் தணிக்கப்படாவிடின், ஒரு கல்லில் இடறிய சில்லு இருபுறமும் ஆடத் தொடங்கும். குறிப்பிட்ட வேகமொன்றில் அவ்வாட்டம் வளர்ந்து முன்னச்சு முழுவதையும் நடுங்கச் செய்யும். திண்மையான அச்சிலே ஒரு சில்லின் ஆட்டம் மறுசில்லுக்கும் தாவும். எனவே உராய்வு ஒரு காவல். மிகுந்தால் வளைவு முடிந்தபின்னும் சில்லு நேராகாது. சாரதி ஒவ்வொரு வளைவையும் தானே அவிழ்க்கவேண்டும். மாலைக்குள் தோள் சோர்ந்துவிடும். குறைந்தால் நடுக்கம் தோன்றும். இரண்டுக்கும் இடையேயுள்ள ஒடுங்கிய அளவிலேதான் பாதையின் செய்தி கைக்குத் தெளிவாக வந்து சேரும். ஓரம் இளகியிருக்கின்றதா, முன்சில்லு பற்றுகின்றதா அல்லது வழுக்குகின்றதா என்பன கண்ணுக்குத் தெரியுமுன் கைக்குத் தெரிவன.

ஒருபுறம் வெட்டிய மண்சுவரும் மறுபுறம் பள்ளமும் உள்ள தோட்டப் பாதையில் இச்செய்தியின் பெறுமதி எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அப்பாதைகளில் ஓடிய வண்டிகள் இறப்பர்த் தட்டுகளை மட்டும் ஏற்றிச் செல்லவில்லை. பிள்ளைப்பேற்று வேதனையிலிருந்த பெண்ணையும் பாம்பு தீண்டிய பால்வெட்டுத் தொழிலாளியையும் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றவையும் அவைதாம்.

சபரகமுவையின் மழை இம்மூட்டுக்கு நேர்ப்பகை. உருண்டையின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும்வரையில் அதனைத் தழுவிய தடுப்பு வளையம் எண்ணெயை உள்ளேயும் சேற்றை வெளியேயும் வைத்திருக்கும். துரு தொட்டு அப்பரப்பிற் சிறு குழிகள் விழுந்துவிட்டால், சில்லு திரும்புந்தோறும் அக்குழிகளின் விளிம்பு வளையத்தை அரம்போல் அராவும். எண்ணெய் கசியும், வெளியேறிய வழியே சேற்றுநீர் புகும். பின்னர் குறுமுனைகள் தேயும். தேய்ந்ததும் காவலாக இருந்த இறுக்கம் போய்விடும். இவ்வொழுங்கை முதலில் அறிபவன் சாரதி. சுக்கானில் ஒரு தளர்வு, கூர்வளைவில் ஒரு தட்டொலி, பின்னர் நடுக்கம். ஆனால் மாற்றுப்பொருள் வாங்கும் அதிகாரம் அவனிடம் இல்லை. அது தோட்டக் காரியாலயத்தில் இருந்தது. 1970களின் முற்பாதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியபோது அக்காரியாலயத்தாலும் பொருள் பெறுவது அரிதாயிற்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் உடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. உரிமை கைமாறிய இக்காலமெல்லாம் பழைய வண்டிகள் பல, கடைசற் பொறியிற் கடைந்த உறைகளுடனும் தகரத்தில் வெட்டிய மென்தகடுகளுடனும் ஓடிக்கொண்டிருந்தன. ஹூக் மூட்டுக்குத் திரும்பிய முடிவு இங்கே தன் பயனைத் தந்தது. ட்ராக்டா மூட்டின் வழுக்கும் முகங்கள் தேய்ந்தால் சிறு பட்டறையில் செய்யத்தக்கது அதிகமில்லை. சிலுவைத்துண்டையோ கழற்றி, ஊசிப் பெயரிங்குகளை மாற்றி, அன்று மாலைக்குள் வண்டியைப் பாதையில் விடலாம். இந்தியாவின் டார்ஜிலிங் மலைப்புறத்தில், மானேபஞ்சாங் என்னும் ஊரிலிருந்து சந்தக்புச் சிகரத்துக்கு ஏறும் கற்பாதையில் 1950களின் லாண்ட்ரோவர்கள் இந்நூற்றாண்டிலும் கூலிக்கு ஓடியமைக்கும் இவ்வெளிமை ஒரு காரணமாகும்.

நிறைவான மூட்டு திரும்பி வந்ததும் அதே நியாயத்தினாலேயே. 1970இல் வெளிவந்த ரேஞ்ச் றோவர் விரைவாகவும் தார்ப்பாதையிலும் செல்லவேண்டிய வண்டி. அதன் நான்கு சில்லுகளுக்கும் எப்பொழுதும் வலு சென்றது. முன்னும் பின்னும் உருளும் தூரத்தின் வேறுபாட்டை நடுவே வைத்த ‘டிபரென்சல்’ தீர்த்துக்கொண்டது. வளைவிலும் முறுக்கம் செல்லுமாதலின் ஹூக் மூட்டின் துடிப்பை இனி மறைக்க இயலாது. ஆகவே குண்டுகள் கொண்ட சீர்வேக மூட்டு மீண்டது. 1979இல் எட்டு உருளை லாண்ட்ரோவரும், 1983இல் நூற்றுப்பத்து அங்குல வண்டியும் அவ்வழியைப் பின்பற்றின. எண்ணெயழுத்தத்தாலும் பின்னர் மின்னாலும் துணைபெற்ற சுக்கான்கள் பரவியபின், மூட்டின் தேய்வு கையை எட்டும் வழி வெகுவாக அடைபட்டுவிட்டது. தோள் நோகாத சாரதிக்கு இது நன்மை. நோயை முன்னறிய விரும்பும் சாரதிக்கு எல்லாம் நன்மை எனக் கூறமுடியாது. அவன் காதையும், சில்லின் பின்னே கசியும் எண்ணெயையும் நம்பவேண்டியவனாகின்றான்.

1950க்குப் பிந்திய பழைய லாண்ட்ரோவரில் சாரதியின் அருகே இரு சிறு நெம்புகள் நிற்கும். மஞ்சட் குமிழ் உள்ளதை அழுத்தினால் முன்னச்சு பிணைபடும். சிவப்புக் குமிழ் உள்ளதைப் பின்னே இழுத்தால் தாழ்ந்த பற்சில்லு வரிசை வரும். முன்னச்சைப் பிணைப்பது எளிது. விடுவிப்பதற்கு வண்டியை முற்றாக நிறுத்தி, சிவப்பு நெம்பைப் பின்னே இழுத்து, மீண்டும் முன்னே தள்ளவேண்டும். அப்பொழுதே மஞ்சள் நெம்பு மேலெழும். தண்டுகளில் முறுக்கேறியிருந்தால் அதுவும் எழாது. சில அடி பின்னோக்கிச் சென்று முறுக்கைத் தளர்த்தல் வேண்டும். தோட்டத்துச் செம்மண் தடம் ரம்புக்கனையின் தார்ப்பாதையைத் தொடும் இடத்திலே, பழகிய சாரதி வண்டியை நிறுத்தி இதனைச் செய்வான். அவ்வளவில் முன்சில்லுகள் இழுக்கும் வேலையிலிருந்து நீங்கித் திரும்பும் வேலையை மட்டும் மேற்கொள்ளும், சுக்கான் இலேசாகும், வண்டி புகையிரத நிலையத்தை நோக்கித் திரும்பும்.